150-க்கு மூன்று குறைவு: எஃப்எம்ஜிஇ பற்றிக் கேட்டவருக்கு

கேள்வி, 11 பிப்ரவரி 2024

ஜார்ஜியாவில் கடைசி வருஷம். ஜூனில் முடித்துவிட்டு ஊருக்கு வருகிறேன். வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இங்கே டாக்டராகப் பதிய எழுத வேண்டிய எஃப்எம்ஜிஇ-யில் 300 கேள்வி, 150 எடுத்தால் பாஸ், நெகட்டிவ் மார்க் கிடையாது. நாலு விடையில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே 75 வந்துவிடும். மீதி 75 எடுக்க ஆறு வருஷம் படித்தவர் ஏன் திணற வேண்டும்? ஃபெயில் ஆகிறவர்கள் அங்கே படிக்காமல் ஊர் சுற்றியவர்கள்தான் என்பது என் கருத்து. ஆறு மாதம் போதும்தானே?

12 பிப்ரவரி 2024

உங்கள் கணக்கை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பார்த்தேன். 100 கேள்விக்கு விடை உறுதியாகத் தெரிந்து, மற்ற 200-ஐக் குருட்டாம்போக்கில் அடித்தால் 50 விழும். மொத்தம் 150, பாஸ். அதாவது மூன்றில் ஒரு பங்கு தெரிந்தால் போதும்.

அந்தத் தேர்வில் நான் மூன்று தடவை ஃபெயில். ஜனவரி 2023-இல் 131. ஜூலை 2023-இல் 126. போன மாதம் 20-ஆம் தேதி எழுதியதில் 147. மறுமதிப்பீடு கிடையாது. பட்டியலில் நம்பருக்கு நேரே மார்க், பக்கத்தில் ஃபெயில் என்று ஒரு சொல், அவ்வளவுதான்.

கணக்கு எங்கே இடிக்கிறது என்றால், தெரியாத கேள்வியில் யாரும் கண்ணை மூடிக்கொண்டு தொடுவதில்லை. பாதி தெரிந்ததை வைத்துக்கொண்டு யோசித்துத் தொடுகிறோம். கேள்வி போடுகிறவருக்கு நமக்குத் தெரிந்த அந்தப் பாதி எது என்று நன்றாகத் தெரியும். அதற்குப் பொருத்தமாக ஒரு தவறான விடையை அழகாக உட்கார வைத்திருப்பார். குரங்கு எழுதினால் 75 வரும். அரைகுறையாகப் படித்தவருக்கு அந்த விகிதம்கூடத் தங்காது.

12 பிப்ரவரி, இரவு

ஊர் சுற்றியவர்கள் என்றீர்களே, ஜூலை 2023-இல் பாஸ் ஆனது சுமார் 10 சதவீதம். போன மாதம் சுமார் 21. மிச்சம் எல்லாரும் ஊர் சுற்றினார்களா?

13 பிப்ரவரி

நேற்று இரவு கோபத்தில் எழுதிவிட்டேன். ஊர் சுற்றியவர்களும் உண்டு. என்னோடு வோல்கோகிராடில் படித்த ஒருவன் ஆறு வருஷமும் ஹாஸ்டலில் சமையல்தான் செய்தான். சாம்பார் பிரமாதமாக இருக்கும். அவன் முதல் தடவையிலேயே பாஸ், 160-க்கு மேல். இதை வைத்து நீங்கள் என்ன முடிவுக்கு வந்தாலும் சரி.

16 பிப்ரவரி

ரஷ்யாவில் நாங்கள் எப்படிப் படித்தோம் என்று தெரிந்தால் ஒரு விஷயம் புரியும். அங்கே பெரிய பரீட்சை எல்லாம் வாய்மொழி. மேசை மேல் சின்னச் சின்னத் தாள்கள் கவிழ்த்து வைத்திருக்கும், அதற்கு பிலெட் என்று பேர். ஒன்றை எடுக்க வேண்டும். அதில் மூன்று கேள்வி. அரை மணி நேரம் தனியாக உட்கார்ந்து குறிப்பு எழுதிக்கொண்டு, பேராசிரியர் முன்னால் போய்ப் பேச வேண்டும். பேசப் பேச அவர் குறுக்கே கேட்பார். திக்கினால் எடுத்துக் கொடுப்பார். கடைசியில் ஜாச்சோட்கா என்கிற நீலப் புத்தகத்தில் மார்க் போட்டுக் கையெழுத்து. ஒரு வகுப்புக்குப் போகவில்லை என்றால் அதற்கு ஆட்ரபோட்கா, அதாவது இன்னொரு நாள் போய் அதை ஈடு கட்ட வேண்டும்.

மாரடைப்பு பற்றி என்னால் இருபது நிமிஷம் நிறுத்தாமல் பேச முடியும், ரஷ்ய மொழியிலும் கொஞ்சம். இங்கே வந்தால் ஒரு ஈசிஜி படம், நாலு விடை, ஒரு நிமிஷம். பேசத் தெரிந்தது எதற்கும் உதவவில்லை. எடுத்துக் கொடுக்க எதிரே யாரும் இல்லை.

20 பிப்ரவரி

கோச்சிங் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். இரண்டாவது தடவைக்கு டெல்லி போனேன், கௌதம் நகர். எய்ம்ஸ் பக்கத்தில் இருக்கும், சந்துக்குச் சந்து எம்பிபிஎஸ் முடித்தவர்கள்தான். ஜன்னல் இல்லாத அறை. நடத்தியவர் கெட்டிக்காரர், ஆனால் பாதி நேரம் இந்தி. ஜோக் எல்லாம் இந்தியில். எல்லாரும் சிரித்து முடித்த பிறகு பக்கத்தில் இருந்த மலையாளியிடம் கேட்பேன், அவளும் தெரியாது என்பாள். ஆறு வருஷம் ரஷ்ய நோயாளிகளிடம் "எங்கே வலிக்கிறது" என்று கேட்டவள், சொந்த நாட்டுத் தலைநகரில் வகுப்பு புரியாமல் முழித்தேன். அந்தத் தடவைதான் 126. முதல் தடவையைவிட ஐந்து குறைவு.

கோச்சிங் வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்களுக்குப் புரிகிற மொழியில் தேடுங்கள், அவ்வளவுதான்.

2 மார்ச்

147-ஐப் பிரித்துப் பார்க்க முயன்றேன். பாடவாரியாக மார்க் தரமாட்டார்கள், அதனால் நினைவில் இருந்ததை வைத்து ஓர் உத்தேசம். 300-ஐ அவர்கள் பிரிக்கிற விதத்தை முதலில் பாருங்கள். மெடிசின் 33, சர்ஜரி 32, ஓபிஜி (மகப்பேறு) 30. கண் 15, ஈஎன்டி 15, குழந்தை மருத்துவமும் அதே 15. முதல் வருஷத்து அனாட்டமி, ஃபிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி தலா 17. பேத்தாலஜி, மைக்ரோ, ஃபார்மா தலா 13. ஃபாரன்சிக் 10. அப்புறம் பிஎஸ்எம், கம்யூனிட்டி மெடிசின் என்கிறார்களே அந்தப் பொது சுகாதாரப் பாடம், 30.

எனக்கு அடி விழுந்தது பிஎஸ்எம்-இல். முப்பதுக்கு எட்டு வந்திருந்தால் அதிகம். மெடிசினில் நான் நினைத்ததைவிட நன்றாகவே செய்திருக்கிறேன். மூன்று தடவையும் நான் மெடிசினை மறுபடி மறுபடி படித்துக்கொண்டிருந்தேன், பயம் அங்கே இருந்ததால்.

பிஎஸ்எம் என்பது இந்தியா. எத்தனை பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் (சமவெளியில் 5,000, மலையில் 3,000), எத்தனை பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் (30,000, மலையில் 20,000), எந்த வாரத்தில் எந்தத் தடுப்பூசி, காசநோய்த் திட்டத்துக்கு இப்போது என்ன பேர். ரஷ்யாவில் இதை யார் சொல்லித் தருவார்கள்? உறைபனியில் விரல் கருத்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியும். திருவண்ணாமலை மாவட்டத்தில் அது எதற்கு?

13 மார்ச், புதன்

என் அத்தை வி.எச்.என்., கிராம சுகாதார செவிலியர். முப்பது வருஷத்துக்குப் பக்கமாக அதே வேலை. இத்தனை நாள் அவரிடம் பிஎஸ்எம் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. நான் டாக்டருக்குப் படித்தவள் இல்லையா!

இன்று தடுப்பூசி நாள். கூடப் போனேன். பழைய புத்தகத்திலிருந்து நான் எழுதி வைத்திருந்த அட்டவணையை வாங்கிப் பார்த்தார். ஐபிவி, அதாவது போலியோ ஊசி, ஆறாவது வாரம், பதினாலாவது வாரம் என்று இரண்டு போட்டிருந்தேன்.

"இது எந்தக் காலத்து புக்குடி? ஒம்பதாம் மாசம் மூணாவது ஒண்ணு வந்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. எம்ஆர் வலது கை, இது இடது கை."

எம்ஆர் என்பது தட்டம்மை-ரூபெல்லா ஊசி. மூன்றாவது ஐபிவி-யை 2023 ஜனவரியில் சேர்த்திருக்கிறார்கள். நான் முதல் தடவை எழுதிய அதே மாதம்.

அப்புறம் பெட்டியிலிருந்து ஒரு குப்பியை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். லேபிளில் ஒரு ஊதா வட்டம், நடுவில் சின்னச் சதுரம். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் போடலாம். இரண்டும் ஒரே நிறமாகிவிட்டால் தூக்கிப் போட வேண்டும், சூடு பட்டுவிட்டது என்று பொருள். இதைப் படத்தில் நாலு கட்டமாகப் பார்த்து மனப்பாடம் செய்து, பரீட்சையில் மூன்றாவதா நாலாவதா என்று குழம்பியிருக்கிறேன். அத்தை பார்த்த மாத்திரத்தில் கீழே வைத்துவிட்டு அடுத்த குழந்தையின் தொடையைப் பிடிக்கிறார்.

14 மார்ச்

நேற்றைய தொடர்ச்சி. வைட்டமின் ஏ மொத்தம் 9 டோஸ், 18 லட்சம் யூனிட். இதை மட்டும் மறக்காதீர்கள், அடிக்கடி வரும்.

14 மார்ச், மாலை

தப்பு. 17 லட்சம். முதல் டோஸ் ஒன்பதாம் மாதம், அது 1 லட்சம்தான். மற்ற எட்டும் தலா 2 லட்சம். மேலே எழுதியதை அத்தையிடம் படித்துக் காட்டினேன். அவர் சிரித்த சிரிப்பை இங்கே எழுத முடியாது.

27 மார்ச், புதன்

அத்தையிடமும் ஒரு சிக்கல் இருக்கிறது. பிரசவ உதவித் தொகை எவ்வளவு என்றால் தமிழக அரசின் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தைத்தான் சொல்வார். பரீட்சையில் வருவது மத்திய அரசுத் திட்டம். "அது யாரு கேக்கறா?" என்கிறார். கேட்கிறார்களே அத்தை.

ஆனால் பாம்புக்கடி பற்றி அவர் சொன்னதை நான் எந்தக் கோச்சிங் ஆப்பிலும் கேட்டதில்லை. தரையில் படுத்துத் தூங்கிய ஒருவர், விடியற்காலை வயிற்று வலி என்று எழுந்திருக்கிறார். கடிவாய் எதுவும் தெரியவில்லை. ஏதோ சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் ஓமத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். அத்தை போய்ப் பார்த்தபோது இமை பாதிதான் திறக்கிறது. "கண்ணைத் தொறங்கன்னா தலையைத் தூக்கிப் பாக்குறாரு. அப்பவே ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுட்டேன்." கட்டுவிரியன். ஆள் பிழைத்துவிட்டார். "நரம்பு மண்டலத்தைத் தாக்கும், கடிவாயில் வீக்கம் குறைவு" என்று ஒரு வரியாகப் படித்ததுதான் இது. இனி எந்த ஜென்மத்திலும் இந்தக் கேள்வியை விடமாட்டேன்.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், இந்த நாலுக்கும் சேர்த்துத்தான் மருந்து. அதற்கான விஷத்தில் பெரும் பங்கு செங்கல்பட்டு மாவட்டத்து இருளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. இது பரீட்சைக்கு இல்லை, சும்மா சொல்கிறேன்.

9 ஏப்ரல்

"முதலில் தோன்றிய விடையை மாற்றாதே" என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் ஜூனியர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். இந்த மாதம் எழுதிய ஆறு ஜிடி-யில் (முழு மாதிரித் தேர்வு) விடை மாற்றிய இடத்தையெல்லாம் குறித்து வைத்தேன். மொத்தம் 41. தப்பு சரியானது 19, சரி தப்பானது 14, தப்பு இன்னொரு தப்பானது 8. ஆக, மாற்றியதால் எனக்கு லாபம்தான். சரியானதைத் தப்பாக்கிய அந்த 14 மட்டும் ராத்திரி தூக்கத்தில் வருகிறது, 19 வருவதில்லை. அதனால்தான் அப்படி ஒரு பழமொழி உண்டாகியிருக்கும். உங்கள் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

மூன்று சுற்று முறையும் எனக்கு உதவுகிறது. முதல் சுற்றில் தெரிந்தது, இரண்டாவதில் யோசிக்க வேண்டியது, கடைசி 20 நிமிஷம் மிச்சம்.

28 ஏப்ரல்

மேலே மூன்று சுற்று என்று எழுதியதை மறந்துவிடுங்கள். தேர்வு முறை மாறிவிட்டது. இனி ஒரு வேளைக்கு 150 கேள்வி 150 நிமிஷம் என்று ஒரே மூட்டையாக இல்லை. 50 கேள்வி, 50 நிமிஷம், ஒரு பகுதி. நேரம் முடிந்தால் அந்தப் பகுதி மூடிக்கொள்ளும், திரும்பிப் போக முடியாது. அடுத்த பகுதிக்கு முன்னதாகத் தாவவும் முடியாது. இரண்டு நாள் திட்டித் தீர்த்தேன். இப்போது 50-க்குள்ளேயே சுற்றப் பழகிக்கொண்டிருக்கிறேன். முதல் 30 நிமிஷத்தில் ஐம்பதையும் ஒரு தடவை தொட்டுவிட வேண்டும்.

19 மே

ரெஜிஸ்ட்ரேஷன் இல்லாமலே டியூட்டி டாக்டராகப் போகலாமா, வீட்டில் பணக் கஷ்டம் என்று ஒருவர் தனியாகக் கேட்டிருக்கிறார். போகாதீர்கள். எனக்கும் கூப்பிட்டார்கள், மறுத்துவிட்டேன். கவுன்சிலில் பதியாதவர் நோயாளியைப் பார்ப்பது போலி மருத்துவம்தான், எந்த நாட்டு டிகிரி வைத்திருந்தாலும்.

20 மே, விடியற்காலை

நேற்று எழுதியது பொய். மறுக்கவில்லை. இரண்டு இரவு போனேன்.

126 வாங்கிய பிறகு. அப்பா எடுத்த கல்விக் கடனுக்கு வட்டி கட்ட முடியாமல் இருந்த நேரம். ஒரு சின்ன ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். ராத்திரிக்கு மட்டும் ஆள் வேண்டும், வேறொரு டாக்டரின் லெட்டர்பேடில் எழுத வேண்டும். முதல் இரவு இரண்டு காய்ச்சல், ஒரு தையல். இரண்டாவது இரவு இரண்டரை மணிக்கு ஒரு பெரியவர், நெஞ்சு அடைப்பு, சட்டை எல்லாம் வியர்வை. ஈசிஜி எடுத்தேன். பார்த்ததும் தெரிந்துவிட்டது, கீழ்ச்சுவர் மாரடைப்பு. ஆஸ்பிரின் மென்று விழுங்கச் சொல்லி, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். எல்லாம் சரியாகத்தான் எழுதினேன். கீழே கையெழுத்து போடுகிற இடத்தில் பேனா நின்றுவிட்டது. யார் பெயரைப் போடுவது? நர்ஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மேடம், சீக்கிரம்" என்றார்.

போட்டேன். இன்னொருவர் பெயரை. காலையில் கிளம்பியவள் திரும்பப் போகவில்லை, இரண்டு இரவுக்கான பணத்தையும் கேட்கவில்லை. பெரியவர் என்ன ஆனார் என்று தெரியாது.

23 மே

மேலே உள்ளதை அழித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

1 ஜூலை

தேர்வுக்கு ஐந்து நாள் இருக்கிறது. இன்று முதல் இந்தியத் தண்டனைச் சட்டம் கிடையாது, பாரதிய நியாய சன்ஹிதா. கொலைக்கு 302 என்று எந்த வடிவேலு ரசிகருக்கும் தெரியும், இனி அது 103. கவனக்குறைவால் மரணம் 304ஏ, இனி 106. வரதட்சணை மரணம் 304பி, இனி 80. ஃபாரன்சிக்கின் பத்து மார்க்குக்காகப் பழையதையும் புதியதையும் சேர்த்துப் படிக்கிறேன். இந்தச் சட்டத்தை ஒரு வாரம் தள்ளிக் கொண்டுவந்திருக்கக் கூடாதா?

5 ஜூலை

மூக்குத்தி கழற்ற முடியவில்லை. திருகு இறுகிவிட்டது. நகை எதுவும் உள்ளே விடமாட்டார்கள். போன தடவை பிளாஸ்திரி ஒட்டிக் கெஞ்சிக்கொண்டு நின்றதில் பத்து நிமிஷம் போனது. இன்று அம்மா தேங்காய் எண்ணெய், அப்புறம் நூல், கடைசியில் நகைக்கடை ஆசாரியிடம் கூட்டிப் போனார். அவர் குறடால் ஒரு திருப்பு திருப்பினார். காசு வாங்கவில்லை. "பாஸ் ஆயிட்டு வந்து புதுசா வாங்கு" என்றார்.

7 ஜூலை

எழுதியாகிவிட்டது. கேள்விகளை வெளியே சொல்லமாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் உள்ளே உட்கார்ந்தேன், அதனால் கேட்காதீர்கள். காலை 9 முதல் 11:30, மதியம் 2 முதல் 4:30. இடையில் இரண்டரை மணி நேரம் மரத்தடியில் உட்கார்ந்து தயிர்சாதம். பக்கத்தில் நாலு பேர் விடை சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள், எழுந்து வேறு மரத்தடிக்குப் போய்விட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒரு இடத்தில் சிரித்துவிட்டேன். கண்காணிப்பாளர் திரும்பிப் பார்த்தார்.

18 ஜூலை

168.

அத்தைக்குத்தான் முதல் போன். "எத்தனைக்கு?" என்றார். முந்நூறுக்கு என்றதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "பாதிதானே வருது?" அப்புறம் அம்மா போனை வாங்கி விளக்க வேண்டியதாயிற்று.

21 ஆகஸ்ட்

எஃப்எம்ஜிஇ பாஸ் சான்றிதழ் வாங்க டெல்லி துவாரகா வந்திருக்கிறேன். நேரில் வந்து முகத்தைக் காட்டித்தான் வாங்க வேண்டும். பாஸ்போர்ட், தூதரகம் சான்றளித்த டிகிரி, எல்லாவற்றின் அசலும், ஒவ்வொன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். என் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக. இதைச் சரிக்கட்ட ஓர் அலுவலகத்தில் மூன்று தடவை நின்றேன். ஒவ்வொரு தடவையும் வேறொரு பேப்பர் கேட்டார்கள். பிஎஸ்எம்-ஐவிட இது கஷ்டம்.

8 டிசம்பர்

ஹவுஸ் சர்ஜன் ஆரம்பித்து மூன்று வாரம். நவம்பர் 2021-க்கு முன்பே படிப்பில் சேர்ந்தவள் என்பதால் பழைய விதிப்படி இங்கே ஒரு வருஷம். உங்களுக்கும் அதேதான் என்று நினைக்கிறேன், சேர்ந்த தேதியைப் பாருங்கள்.

முதல் வாரம் ரத்தம் எடுக்கத் தெரியாமல் ஒரு பாட்டியின் இரண்டு கையையும் குத்தினேன். ஸ்டாஃப் நர்ஸ் வந்து, "ஃபாரினா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கேலி செய்யவில்லை. என் விரலைப் பிடித்து ரத்தக் குழாய் மேல் வைத்து, "கண்ணால தேடாதீங்க, இதால தேடுங்க" என்றார். இங்கே படித்த பையன்கள் மூன்றாம் வருஷத்திலேயே செய்கிற வேலை. பிப்ரவரியில் நீங்கள் கேட்ட கேள்வியில் கொஞ்சம் நியாயம் இருந்தது என்று அன்று தோன்றியது. அங்கே நோயாளியைத் தொட எங்களை அவ்வளவாக விடவில்லை. நாங்களும் பெரிதாகக் கேட்கவில்லை, மொழிக்குப் பயந்து. 168 மார்க் இதைக் காட்டாது, 126-உம் காட்டியிருக்காது.

11 ஜனவரி 2025

நாளை உங்களுக்குத் தேர்வு. சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், சில சென்டர் பக்கத்தில் டீக்கடைகூட இருக்காது. இடைவேளையில் விடை பேசுகிறவர்கள் பக்கம் உட்காராதீர்கள். ஐபிவி மூன்று.

25 ஜனவரி 2025

141 என்று எழுதியிருக்கிறீர்கள். "உங்கள் கணக்கு சரி, என் கணக்குதான் தப்பு" என்றும். அதை விடுங்கள். எந்தப் பாடத்தில் போனது என்று நினைவிருக்கிற வரை இன்றே எழுதி வையுங்கள், ஒரு வாரத்தில் மறந்துவிடும். என் நோட்டெல்லாம் ஒரு தங்கையிடம் போய்விட்டது. பிஎஸ்எம் நோட்டு மட்டும் இருக்கிறது, அத்தை கையெழுத்தில் திருத்தத்தோடு. பிஎஸ்எம்தான் என்றால் சொல்லுங்கள், அத்தையிடம் பேச வைக்கிறேன். புதன்கிழமை மட்டும் வேண்டாம், போன் எடுக்கமாட்டார்.